டுபாயிலிருந்து ரொறன்ரோ வரை

2024 மே 3, வெள்ளி

கனடா விசா வந்துவிட்டது. அங்கே மகள்வழிப் பேத்தி கஜானியின் கல்யாணத்துக்குத் தனியாகவே போகிறேன்.

மகன் யோகேஸ்வரன் பயண விபரம் கொண்டுவந்தான். என் புருஷன் காலமான பின்னும் தமையன் வீடு என்று நாள்தோறும் வரும் அவரின் தம்பி கதிர்காமத்தம்பி வாங்கிப் பார்த்தார். டுபாயில் விடிய மூன்றரைக்கு ஏற்றம். ரொறன்ரோவில் காலை ஒன்பதரைக்கு இறக்கம். "ஆறே மணித்தியாலம், மதினி! கொழும்பு பஸ்ஸை விடச் சுகம்."

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. ரொறன்ரோ மணிக்கூடு டுபாய்க்கு எட்டு மணித்தியாலம் பின்னால். ஆறும் எட்டும் பதினான்கு. பதினோராயிரம் கிலோமீற்றரை ஆறு மணித்தியாலத்தில் கடக்க அது என்ன ராக்கெட்டா? கொன்வென்டில் சிஸ்டர் உலக உருண்டையில் நூல் பிடித்துத் தூரம் அளக்கப் படிப்பித்தது எழுபத்தாறு வயதில் மறந்துவிடுமா?

யோகேஸ்வரனின் முகம் மாறிற்று. "பதினாலா? அம்மா, உங்களுக்கு ஏலாது. டிக்கட்டை நிப்பாட்டப் போறன்."

மே 4

கணக்குச் சரி. அதற்குத் தண்டனையா?

மே 6

கதிர்காமத்தம்பிக்கு ஒரே சிரிப்பு. "வாய வெச்சிட்டு சும்மா இருந்திருந்தா இப்ப பெட்டி அடுக்கியிருப்பீங்க, மதினி. கல்லடிப் பாலம் கடக்கவே ரெண்டுதரம் கம்பியப் பிடிக்கிற ஆள்!"

ரெண்டுதரமா? நானா? ஒருதரம்தான் — அதுவும் வாவியைப் பார்க்க.

டொக்டரிடம் கேட்டேன். இடைக்கிடை எழும்பி நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். மகனிடம் சொல்லிவிட்டேன்: ஞாயிறு இந்த வீட்டிலேயே பதினான்கு மணித்தியாலம் கதிரையில் இருந்து காட்டுகிறேன். ஏலாவிட்டால் நிப்பாட்டு.

மே 12, ஞாயிறு

காலை ஐந்துக்குச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தேன். இரு பக்கமும் கதிரை போட்டு நெருக்கச் சொன்னேன். விமானத்தில் கை வீசி இருக்க இடம் ஏது? டொக்டர் சொன்ன நடை மட்டும் இடைக்கிடை.

மருமகள் றஜிதா தட்டோடு வந்தாள். "மாமி, பெல்ட் போட்டாச்சா? கோழியா, மரக்கறியா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு மரக்கறி என்றேன்.

சாட்சி சொல்ல வந்த கதிர்காமத்தம்பி எதிரே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் விழுந்து குறட்டை. "மாமா பாதிவழியில இறங்கிட்டார்" என்றாள் றஜிதா.

நாலு மணிக்குப் பிறகு — எழுதத்தான் வேண்டும் — முழங்கால் கொதித்தது. என்ட அம்மாளே, ஏன்கா இந்த வீம்பு? கிழவி, எழும்பிப் போய்ப் படு... மனதுக்குள்தான் இந்தப் புலம்பல். நிமிர்ந்தே இருந்தேன்.

மாலை ஏழுக்கு, பதினான்கும் முடிய, எழுந்து நின்றேன். யோகேஸ்வரன் குனிந்து கணுக்காலை அமத்திப் பார்த்தான். வீக்கமில்லை.

"போயிட்டு வாங்க, அம்மா."

ஜூன் 11, ரொறன்ரோ

இறங்கிவிட்டேன். நடு ஆசனம்தான் கிடைத்தது. இரு பக்கத்து இளசுகளும் வழி முழுக்க முனகின. முன் ஆசனத் திரையில் தெரிந்த வரைபடத்தில் விமானம் கிறீன்லாந்து பக்கமாய்ப் போயிற்று. சிஸ்டரின் நூல் போன அதே வழி!

ஜூன் 16

தாலி ஏறியது. முன்வரிசையில் இருந்தேன்.

ஜூன் 23

கதிர்காமத்தம்பி ஊரிலிருந்து போனில் பேசினார். கல்யாணம் விசாரித்தார், குளிர் விசாரித்தார், பிறகு கொஞ்சம் இருமினார்.

"மதினி... கனடாவில இருக்கிற என்ட மகன் திவாகரன் வரச் சொல்லி ஒரே கரைச்சல். தனிய வரப் பயமாக் கிடக்கு. அடுத்தமுறை நீங்க போகக்க என்னையும் கூட்டிப் போவீங்களா?"

ஓம் என்றேன். ஜன்னல் பக்கம் எனக்கு என்றும் சொன்னேன்.