விடக் கூடாது என்று சொன்ன மாத்திரை

ஆடி, மூன்றாம் செவ்வாய்.

கரியாலூருக்கு மேலே செல்வியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் உடம்பெல்லாம் கொப்புளம். உதடு வெந்து தோல் உரிந்திருந்தது, கண் திறக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்தது, இது அம்மை இல்லை. வலிப்புக்கு நான் கொடுத்த புது மாத்திரை செய்த வேலை. எங்கோ ஒருவருக்கு இப்படி ஆகும் என்று நர்ஸ் பயிற்சியில் சொன்னார்கள்.

"மாத்திரை இன்னும் குடுத்துக்கினு இருக்கீங்களா?" என்று அவள் புருஷனைக் கேட்டேன்.

"இல்லீங்க சிஸ்டர். அம்மா வந்த வூட்ல மருந்து குடுக்கலாமா? மொத கொப்புளம் வந்தன்னிக்கே நிறுத்திட்டோம்."

திட்டுவேன் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று அவனை மிரட்டிவிட்டு வந்தவள் நான்தான்.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி போகும்வரை ஆம்புலன்ஸில் அவள் கையைத் தொடவே பயமாக இருந்தது. தொட்டால் தோல் கையோடு வந்துவிடும்.

"உடனே நிறுத்துனதாலதான் இந்த அளவுல நிக்குது. ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவள் புருஷன் கேட்டான்: "நான் நிறுத்தினது தப்புங்களா சிஸ்டர்?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு அதே மாத்திரை கொண்டுபோக வேண்டும். ஒரு வேளைகூட விடாதீங்க என்று எந்த வாயால் சொல்வேன்?