சாஸ்தா கோயிலைச் சுற்றிப் போட்ட கோடு

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்தேசத்தில் சுகமாக இருக்கக் காந்திமதி அம்மையைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். போனில் பாதிதான் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் ஏரலில் உடைமரங்கள் நிற்கும் நம் உடங்காட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன், ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான், உன் அப்பா, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த லில்லி, அவளுக்குக் குழி வெட்ட வந்த நடராஜ், பிறகு வந்த என் தம்பி குமரவேல், அவன் மகன் சிவகணேஷ். ஆறே பேர். வேறு ஒருத்தரும் இல்லை.

அங்கே உன் பேரிலுள்ள பன்னிரண்டு ஏக்கரும் இயற்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கத் தோதான இடமா என்று பார்க்கச் சொல்லி நீ எழுதியதிலிருந்து லில்லி ஐந்து தடவை வந்துவிட்டாள். மண் எப்படி, குளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா, எத்தனை வகைப் பறவை, சீமைக்கருவேலம் எவ்வளவு பரவியிருக்கிறது, ரோட்டுச் சத்தம் எட்டுமா, ஆட்களால் தொந்தரவு உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவாள். வெள்ளிதோறும் நிலத்துக்குள் இருக்கும் சாஸ்தாவுக்கு விளக்கேற்றப் போகும்போது அங்குள்ள கிணற்றின் நீர்மட்டத்தை எழுதி வைப்பேன் அல்லவா, அந்தப் பதினோரு வருஷத்து நோட்டுகளைப் பார்த்துவிட்டு, எங்க ஆபீஸ்லகூட இப்படி ஒருத்தரும் எழுதலம்மா என்றாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வேறென்ன வேண்டும். நூற்றுக்கு எழுபது வந்தால் நிலம் தேறும், அறுபத்தாறு வந்திருந்தது, குழிக்கு இரண்டு மார்க் வீதம் நாலு மண்குழிதான் பாக்கி.

அந்தக் குழி, நமக்கும் தம்பி வீட்டுக்கும் பொதுவான சாஸ்தா பீடத்துப் பக்கம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கோயிலை விட்டுத்தான் அளப்போம் என்று லில்லி சொல்லியும் மனசு கேட்கவில்லை. அன்று அவர்கள் வந்து சாமான்களை இறக்கும்போது, இதற்குள் மண்வெட்டி வரக்கூடாது என்று நான்தான் கோயிலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். நம்மூரில் பாகம் பிரிக்கும்போதுதான் அப்படிக் கோடு போடுவார்கள் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. சாஸ்தாவுக்குப் போட மாலையும் கையுமாக வந்த உன் குமரவேல் மாமா அதைப் பார்த்ததும், ஏக்கா, சாஸ்தாவையும் சேத்துக் குடுத்துட்டியா, எங்க வீட்டுப் பங்கு எங்கன இருக்கு என்று கத்தினான். லில்லியிடம் திரும்பி, யாருட்டி இங்கன கோடு கிழிச்சது என்றான். அண்ணாச்சி, பைய பேசுங்க, கோயிலை நாங்க தொடவே இல்ல என்றாள் அவள். சிவகணேஷ் அவளுடைய கருவியை எட்டி உதைத்து, இனும எதைக் கொண்டு அளக்கன்னு பாப்போம் என்றான். பொம்பளப் பிள்ளைட்ட என்ன வே வீரம் என்று நடராஜ் கேட்டதுதான் தாமதம், முள் வெட்ட வைத்திருந்த அரிவாள் சிவகணேஷ் கையில் இருந்தது. நடராஜை நோக்கித்தான் ஓங்கினான், தடுக்கப் போன லில்லியின் வலதுகை மேல் இறங்கியது. இரண்டு விரல் மணலில் கிடந்தது சங்கரி, என் கண்ணால் பார்த்தேன். குறுக்கே விழுந்த உன் அப்பாவை அரிவாளின் பின்பக்கத்தால் அடித்துக் காரை எலும்பை முறித்தான். நடராஜ் மண்வெட்டிக் காம்பால் அவன் முழங்காலில் போட்டான். மாமா நடராஜின் கழுத்தைப் பிடித்து நெரிக்க, முந்தின தடவை லில்லி சோதனைக்குக் கட்டி வைத்திருந்த மண் மூட்டையை நான் தூக்கி மாமா முகத்தில் அடித்தேன், மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கூடப்பிறந்தவன் என்று கை நிற்கவில்லை. ஆனால் கோடு நான் போட்டது என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நின்றிருக்கும். வாய் வரவில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கோடு போட்டது யார் என்று கேட்டார்கள். நான் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றதைப் பார்த்த லில்லி, என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தெரியாது என்றாள். நானும் பேசாமல் இருந்தேன். அன்றிலிருந்து தேவாரம் படிக்க உட்கார்ந்தால் நாக்குக் குழறுகிறது.

இப்போது சிவகணேஷ் ஜெயிலில். லில்லிதான் கோயிலை வளைத்துக் கோடு போட்டாள் என்று மாமா அவள் மேல் எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறான். நிலத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தால் வாபஸ் வாங்குவானாம். அப்படியே எழுதிக் கொடுத்துத் தொலைக்கட்டும், சொந்தத்துக்குள்ள இன்னொரு வெட்டு விழ வேண்டாம் என்கிறார் அப்பா. எனக்குச் சம்மதமில்லை. நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய், கோடு நான் போட்டது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்க முடியாது, அதுவும் தெரியும்.

நேற்று லில்லியைப் பார்த்து இதைச் சொல்லிக் காலில் விழப் போனேன், இடதுகையால் தடுத்துவிட்டாள். ஆட்கள் தொந்தரவுக்குப் போட்ட மார்க்கில மூணைக் குறைக்க வேண்டியதாப் போச்சும்மா, இப்ப அறுபத்துமூணு, நாலு குழியும் நல்லா வந்தா இன்னும் தேறும், இடதுகையால எழுதிக்கிடுதேன் என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. ஆனால் மேற்கொண்டு அளக்கச் சொல்லி நிலத்துக்காரி எழுதித் தந்தால்தான் அவள் நிலையத்தில் மறுபடி அனுப்புவார்களாம். எழுதிக் கொடு என்பது என் எண்ணம், நிலம் உன்னுடையது.

உன்னால் வந்த வினை என்று நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வெறுந்தலையோடு பனியில் நடக்காதே, திருநீறு தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன். சாஸ்தா உன்னையும் மாப்பிள்ளையையும் நீண்ட ஆயுசோடு வைக்கட்டும். அளக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பாயா மாட்டாயா என்று இந்த வாரத்துக்குள் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. பிரம்மநாயகி