மகளின் கல்யாண டிஸ்க்

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் காவியா அனுப்பிய வீடியோவை ஜெயசுதா இரண்டு டிஸ்க்கில் பதிந்தும், வீட்டு ப்ளேயரில் ஓடவில்லை. "மொதல்ல இது ஓடட்டும், அப்பறம் அவளப் பத்திப் பேசலாம்" என்று கணவர் பாண்டுரங்கன் தட்டிக் கழித்தார். இன்று செங்கத்துக்குக் கிளம்பும் முன் அவருக்கு எழுதினாள்:

"சாமைச் சோறு மூடி வச்சிருக்கேன். எழுதி முடிச்சதும் டிஸ்க்க மூடுற ஃபைனலைஸ முன்ன பண்ணாததாலதான் ஓடல. இப்ப ஸ்பீடு கொறச்சி எழுதி, அதையும் பண்ணிட்டேன். பக்கத்து வூட்டு ப்ளேயர்லயும் நம்ம ப்ளேயர்லயும் ஓடுச்சிங்க. முழுசாப் பாருங்க."

மடித்த பிறகும் மனம் ஆறவில்லை. மறுபடி பிரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"காவியாவும் மாப்பிள்ளையும் செங்கத்துல எறங்குறாங்க. இட்டுனு வர்றேன். வேணான்னா போன் பண்ணுங்க, நானும் அவங்களோடயே போய்ட்றேன்."