பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேரும் விமானம்

மார்ச் 4

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். "அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா" என்று இன்றும் போனில் கேட்டாள். பதிமூவாயிரம் கிலோமீட்டர். பதினைந்து மணி நேரம், நடுவில் எங்கும் நிற்காது. இதை அவரிடம் யார் சொல்வது? லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது இரண்டு மாடிக்கு நடுவே அரை நாள் மாட்டிக்கொண்ட மனிதர். அன்றிலிருந்து மூடிய கதவே ஆகாது. குளியலறைக்குக்கூடத் தாழ் போடுவதில்லை. வெளியே நான் காவல்.

மார்ச் 6

கேட்டேன். "நீ போயிட்டு வா. வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல?"

வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? கோபத்தில் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டேன். மனிதர் வாய் திறக்காமல் சாப்பிட்டார்.

மார்ச் 9

எனக்கு மட்டும் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, அதே நாள் பகல் இரண்டுக்கு வருகை.

"அஞ்சு மணி நேரம்தானா? அப்ப எனக்கும் சேர்த்துப் போடு."

அந்த இரண்டு மணி அந்த ஊர்க் கடிகாரத்துக்கு. இங்கே அப்போது நள்ளிரவு! சொல்ல வாயெடுத்தேன், விழுங்கிவிட்டேன். இரண்டு டிக்கெட் போட்டாயிற்று.

மார்ச் 10

நான் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. தூக்கம்தான் வரவில்லை.

மார்ச் 27

மகளிடம் சொல்லிவிட்டேன். பதறிவிட்டாள். "பாதி வழியில அப்பாவுக்கு மூச்சு முட்டினா என்னம்மா பண்ணுவே? இறங்கவா முடியும்?"

ஐயோ, ஆமாம்ல! இதை யோசிக்கலையே நான். இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று போனால், பிறக்கப்போகிற குழந்தைக்கு வாங்கிய குட்டிச் சாக்ஸை விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 2 — இல்லை, எந்த ஊர்த் தேதியைப் போடுவது? ஆகாயத்தில்

கிளம்பி ஐந்து மணி நேரம் ஆனது. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, நெற்றியெல்லாம் வியர்வை. இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

"ஏங்க... இன்னும் பத்து மணி நேரம் இருக்குங்க."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"டிக்கெட் போடும்போதே. நாம காலையில காபி குடிக்கிறப்ப அவ தூங்கப் போறா. தினம் பேசுறேன், அதுகூடத் தெரியாதா எனக்கு? பதினஞ்சுன்னு சொன்னா சரின்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான் அஞ்சுன்னு வெச்சுக்கிட்டேன்."

ஒரு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்த மனிதரை என்ன செய்வது? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சும்மா இருக்காதே. எதையாவது பேசிட்டே வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்? அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

வலது கையை இன்னும் விடவில்லை. இடது கையால் கோணல்மாணலாக எழுதுகிறேன்.