கோப்பை சுடுகிறதாம்

12 நவம்பர் 1985, செவ்வாய். சான்டா கிளாரா.

காலையில் காபியை நீட்டினேன். இவர் வாங்கவில்லை. “ஜப்பான்காரன் கம்ப்யூட்டர் சிப்பை சீப்பா வித்துத்தான் என் வேலை போச்சு. அவன் ஊர்க் கப்புல நான் காபி குடிக்கணுமா? டம்ளர்ல குடு.”

பக்கத்து அபார்ட்மென்ட் யோஷிகோ ஆன்டி தன் கையால் செய்து கொடுத்த கோப்பைகள் அவை. பிடி கிடையாது. வெளிப்புறம் முழுக்க மெல்லிய அலைகளாகச் செதுக்கியிருப்பார். ஷோகேஸில் வைக்காதே, தினமும் அதில் குடி என்று சொல்லித்தான் கொடுத்தார். போன வாரம் வேலை போகிறவரை இவரும் அதில்தான் குடித்தார்.

சாயங்காலம் ஆன்டி வந்தபோது இவர் கையில் எவர்சில்வர் டம்ளர். கோப்பை உடைந்துவிட்டதா என்று கேட்டார். இவருக்கு விரல் சுடுகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். எவர்சில்வர் அதைவிடச் சுடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஆன்டி சிரிக்கவில்லை. விரல் சுடாதபடி இன்னும் தடிமனாக, ஆழமாகச் செதுக்கி வேறு செய்து தருகிறேன் என்றார். கையைக் காட்டச் சொன்னார். இவர் நீட்டினார். ஆன்டி தன் விரல்களால் அளந்து பார்த்தார். இவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆன்டி போன பிறகும் டம்ளரில் காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

மண் காய்ந்து, சூளையில் சுட்டெடுக்க ஒரு மாதம் ஆகுமாம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இவர் கை அளவுக்குச் செய்த கோப்பையோடு ஆன்டி வந்து, காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாரோ.