பெட்டி எண்ணை அப்பா கேட்டால்

மே 19, ஞாயிறு

அன்புள்ள சிக்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளை கிரேமும் என் தங்கக்கட்டிப் பேரன் ஓவனும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே பனி கரைந்து வேலியோரம் பச்சை தலைகாட்டுகிறது, நியூசிலாந்தில் நீங்கள் இப்போதுதான் கம்பளியை வெளியே எடுத்திருப்பீர்கள், பிள்ளைக்குக் காதை மூடிவிடு, உனக்குச் சின்ன வயதில் காது வலி வந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாரா வாரம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. ஆனால் இது போனில் சொல்லக்கூடாத விஷயம், அதுவும் உன் அப்பாவே போட்ட கட்டளை. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும், பொறுமையாகப் படி.

போன மார்ச்சில் நெல்லி பாக்ஸ்டர் வீட்டில் நடந்ததை உனக்குச் சொன்னேன் அல்லவா, அவள் பாவம் தனியாக இருக்கிறவள், பட்டப்பகலில் ஒருவன் பின்கட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து அவளுடைய மாத்திரைகளையும் பிக்கப் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனான், ஷெரீப் ஆபீசிலிருந்து ஆள் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அன்று முதல் உன் அப்பா வீட்டுக்கு இன்னொரு துப்பாக்கி வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தார். தகர டப்பா சுடுகிற அந்த இருபத்திரண்டு காலிபர் சின்னத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு திருடனுக்குக் கிச்சுக்கிச்சுதான் மூட்ட முடியும் என்றார். ஓவன் வளர்ந்தால் களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடப் பழக்கலாம், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு எல்லாரும் கூடினால் பொழுதும் போகும், வீட்டுக்கும் ஒரு காவல் என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். ஒன்றே போதும் என்றேன், என் தோள் தாங்காது என்றேன், அந்தக் காசுக்குக் கூரையைச் சரிசெய்யலாம் என்றேன். எல்லாம் சாக்கு. உண்மையான காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை, கிறிஸ்துமஸிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன் சிக்னி, உன் அப்பாவுக்கு நினைவு தவறுகிறது.

பேர் மறப்பது, கண்ணாடியைத் தேடுவது, அதெல்லாம் எனக்கும் உண்டு, அதை நான் சொல்லவில்லை. ரொட்டி வாங்கப் போனவர் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு ரொட்டி வாங்கப் போகிறார். இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஒரு பிள்ளையைக்கூடத் தவறவிடாத மனுஷன், பிப்ரவரியில் ஒரு காலை ஜன்னலருகே நின்று, வாசல் கேட் பக்கத்துல ஒருத்தன் நிக்கிறான் வெர்னா, யாருன்னு தெரியல, நீ உள்ளயே இரு என்றார். தபால்காரன் வேர்னன்தான் நின்றது. பதினைந்து வருஷமாக நம் வீட்டில் காப்பி குடிக்கிற வேர்னன். ஜூலையில் நீங்கள் வருகிறீர்கள், கிரேம் விடியற்காலையில் எழுந்து வெளியே நடந்துவிட்டு வருகிற பழக்கமுள்ள பிள்ளை, அவன் திரும்பி வரும்போது இவர் ஜன்னலருகே நின்றுகொண்டு யாரென்று தெரியாமல் பார்த்தால் என்ன ஆகும், கையில் ஒன்று இருந்தால் என்ன ஆகும். துப்பாக்கி வேண்டாம் என்று நான் தலைகீழாய் நின்றது இதற்குத்தான்.

இதைவிட மோசமானது ஏப்ரலில் நடந்தது. பனி விட்ட முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து வழக்கம்போல வேலிக் கம்பத்தில் பீன்ஸ் டப்பாக்களை அடுக்கினோம். நம் வீட்டு வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துப்பாக்கி கைமாறினால் கொடுக்கிறவர் திறந்து பார்த்துக் காட்ட வேண்டும், வாங்குகிறவர் தானும் எட்டிப் பார்த்துக் காலி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் உன் அப்பா பிடியை விடுவார். உன் கல்யாணத்துக்கு வந்த பாதிரியாரையே மூன்று தடவை சொல்ல வைத்த ஆள். அன்றைக்கு அவர் சுட்டு முடித்து, திறக்காமலேயே என் கையில் கொடுத்துவிட்டு டப்பாக்களை எடுத்து நிறுத்தக் கம்பத்தை நோக்கி நடந்தார். நான் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளிக் கூழாங்கல்லில் விழுந்தது. குனிந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, காலி என்று சத்தமாகச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. நாற்பத்தொரு வருஷம் அந்த ஒன்றில் மட்டும் பிசகாத மனுஷனிடம் நீ பிசகிவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வது. எனக்கு மனசு வரவில்லை. அது தப்பு என்று அப்போதே தெரியும், தெரிந்தும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் இன்னும் பிடிவாதமாகிவிட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எதையோ எழுதுவார், நான் பக்கத்தில் போனால் மூடிக்கொள்வார். கல்லுளிமங்கன் என்று திட்டினேன், சிரித்துக்கொண்டே போனார். போன வாரச் சனிக்கிழமை காலை, வண்டியில ஏறு, டெல்லா கடைக்குப் போறோம் என்றார். வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். டெல்லாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள், அவள் அப்பாவுக்குப் பிறகு இப்போது அவள்தான் கடையைப் பார்க்கிறாள். பன்னிரண்டு கேஜ் என்கிற பெரிய குழல் ஷாட்கன் ஒன்றை எடுத்துத் திறந்து காட்டி உன் அப்பாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பான்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, எனக்கில்ல, அவ கையில குடு என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. துப்பாக்கியைக் கண்டால் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஆசையாக வாங்குகிறவர் கடையில் இருந்த ஒன்றரை மணி நேரமும் ஒன்றையும் தொடவில்லை.

அந்தப் பன்னிரண்டைத் தோளில் வைத்தால் பின்கட்டை என் அக்குளைத் தாண்டிப் போகிறது, குழல் முன்பக்கம் கவிழ்கிறது. டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், அதைவிடக் குழல் சிறுத்து, பின்கட்டை குட்டையான இருபது கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தாள். பொட்டியில பசங்க சைஸுன்னு போட்டிருக்கும் ஆன்ட்டி, அதப் பாத்து என்கிட்ட சண்டைக்கு வராதீங்க, பாதிப் பொம்பளைங்களுக்கு இதுதான் சரியா வருது, வீட்டுக்காரங்க தங்களுக்குப் பிடிச்சதை வாங்கிக் குடுத்துட்டுப் போயிடுறாங்க, ஆத்திர அவசரத்துக்கு இவங்களால தூக்கக்கூட முடியறதில்ல என்றாள். உன் அப்பா நோட்டைத் திறந்து வரிசையாகக் கேள்வி கேட்டார். என் கட்டைவிரல் வாதத்தோடு தோட்டாவை நானே உள்ளே தள்ள முடியுமா, அடுத்த தோட்டாவுக்கு இழுத்து மாற்ற எவ்வளவு பலம் வேண்டும், உதைத்தால் தோள் வீங்குமா, கண்ணாடி போடாமல் முன்குறி தெரியுமா. பெண் பார்க்க வந்த மாமியார்கூட இவ்வளவு கேட்கமாட்டாள். கடைக்குப் பின்னால் அவர்கள் தட்டு சுடுகிற இடம் இருக்கிறதே, அங்கே போய் ஐந்து சுட்டேன், ஒன்று உடைந்தது. அடுத்த ஐந்தில் மூன்று. என் தோள் நன்றாகத்தான் இருக்கிறது. உன் அப்பா கைதட்டின தட்டில் டெல்லாவின் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கி வாங்குகிற படிவத்தையும் என் பேரில்தான் நிரப்ப வேண்டும் என்றார். அதோடு எண்களை அமுக்கித் திறக்கிற இரும்புப் பெட்டி ஒன்று, இரண்டு துப்பாக்கியும் வைக்கிற அளவுக்கு. பழைய பெட்டியின் சாவி குளிர்சாதனப் பெட்டி மேலே காப்பி டின்னில் இருப்பது தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் யார், நெல்லியின் பூனைக்குக்கூடத் தெரியும்.

எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினோம். சாவியை என்னிடம் நீட்டி, நீ ஓட்டு என்றார். ஏறி உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து எங்கள் நடுவே சீட்டில் வைத்தார். அந்தத் தோட்டா. நான் கோட்டுப் பையில் போட்டுவிட்டு மறந்தே போனது. மறுநாள் வண்டிச் சாவி தேடும்போது அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஐந்து வாரமாகத் தன்னோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அன்னிக்குக் காலின்னு சொன்ன, வெர்னா. நாப்பத்தொரு வருஷத்துல நீ சொன்ன முதல் பொய் இதுதான்னா நான் குடுத்து வெச்சவன்தான். ஆனா இனிமே சொல்லாத. நான் தப்பு பண்ணா தப்புன்னு சொல்லு. இந்த வீட்டைப் பாத்துக்கிறது இனிமே நீதான், அதுக்குத்தான் உன் கைக்குச் சரியா ஒண்ணு வாங்கணும்னு நின்னேன்."

நான் வண்டியைக் கிளப்பவில்லை, அங்கேயே ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். டெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள், பார்க்கட்டும். நான் அவருக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டேன், அவர் எனக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வேண்டும் வேண்டும் என்று சண்டை போட்டார், இரண்டு பேருக்கும் ஒரே பயம். அவருக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. வேர்னன் விஷயம்கூடத் தெரியும், அன்று நான் சொன்ன பிறகும் அரை நாள் அந்த முகம் தனக்குப் பிடிபடவில்லை என்றார். டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டுவிட்டார், ஜூன் ஆறாம் தேதிக்குச் சொல்லியிருக்கிறோம், நீ நர்ஸ், என்னென்ன கேட்க வேண்டும் என்று எனக்கு எழுதி அனுப்பு.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் படுக்கையறைச் சுவரோடு சேர்த்துத் திருகி இறுக்கினார், அந்த வேலையெல்லாம் இன்னும் சுத்தமாகச் செய்கிறார். பிறகு, நான் வெளிய போறேன், நம்பரை நீயே போட்டுக்க என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், முற்றத்தில் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார், தோத்திரப் பாட்டு முடிகிற வரை சர்ச்சில் நிற்கிற மாதிரி. நான் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். வந்து உட்கார்ந்து சொன்னார், நான் கேட்டாலும் சொல்லாத, கத்தினாலும் சொல்லாத, கொஞ்சிக் கேட்டா கண்டிப்பா சொல்லாத. உனக்கு ஏதாவது ஆயிட்டா திறக்க ஒரு ஆள் வேணும், சிக்னிக்கு மட்டும் சொல்லு, போன்ல வேண்டாம், நான் பக்கத்துலயேதான் இருப்பேன், கடுதாசி போடு. இந்தக் கடிதம் அதனால்தான். எண்ணை இதில் எழுதவில்லை, தனி உறையில் நாளை வேர்னனிடம் கொடுத்தனுப்புகிறேன். அது வந்ததும் மனப்பாடம் செய்துகொண்டு சீட்டைக் கிழித்துப்போடு.

ஒரே வாரம்தான் ஆயிற்று கண்ணே. நேற்றுக் காலை பெட்டி முன்னால் வந்து நின்று, வெர்னா, நம்பர் என்ன, இருபத்திரண்டைத் துடைச்சு எண்ணெய் போடணும் என்றார், சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி. சொல்லமாட்டேன் என்றேன். ஏன் என்றார். நீங்கதானே சொல்லக்கூடாதுன்னீங்க என்றேன். நான் எப்போ சொன்னேன், என் வீட்டுல என் துப்பாக்கிக்கு நான் உன்கிட்டக் கெஞ்சணுமா என்று அவர் போட்ட சத்தம், சிக்னி, நீ பிறந்ததிலிருந்து கேட்டிருக்கமாட்டாய். சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, நாலே எண்தானே. வாயைக் கட்டிக்கொண்டு அவர் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பெட்டி திருகிய அன்றே அவர் எழுதி, இப்படி ஒரு நாள் வந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு என்று சொல்லி வைத்திருந்தது. படித்தார். தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் எழுதினதுதான் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார், சாப்பாட்டு நேரத்துக்குத் தோட்டத்துப் புளிப்பு ருபார்ப் தண்டு ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அதைச் சர்க்கரையோடு மாவுக்குள் வைத்துப் பை சுட்டுக்கொடுத்தேன்.

ஜூலையில் தைரியமாக வாருங்கள். பெட்டி பூட்டியிருக்கிறது, எண் என் தலைக்குள் இருக்கிறது. களிமண் தட்டு நூறு வாங்கி வைத்திருக்கிறார், தட்டைப் பறக்கவிடும் கருவியின் நெம்புகோலை ஓவன்தான் இழுக்க வேண்டுமாம். கிரேமிடம் எல்லாவற்றையும் சொல், மறைத்ததில் என்ன லாபம் என்று நான் பார்த்துவிட்டேன். பிள்ளைக்கு முட்டை கொடு, நீயும் நைட் டியூட்டியில் பட்டினி கிடக்காதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. அப்பா உனக்குப் போன் செய்து எண்ணைக் கேட்பார், நீ செல்லப்பெண், உன்னிடம்தான் முதலில் கேட்பார், அம்மாதான் கேட்கச் சொன்னாள் என்றுகூடச் சொல்வார். வாதாடாதே, அழாதே. அவர் அந்தப் பக்கத்தை உனக்காக இன்னொரு தாளில் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு மடித்து வைத்திருக்கிறேன், போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவை, அவர் கேட்கும்போது அவருக்கே படித்துக் காட்டு. இப்படித்தான் எழுதியிருக்கிறார்: "ஹால்வர், நம்பரைச் சொல்லக்கூடாதுன்னு சொன்னது நீதான். அன்னிக்கு நீ நல்லா யோசிச்சுதான் சொன்ன. பிள்ளையைத் திட்டாத. போய் ஒரு காப்பி குடி. இப்படிக்கு, ஹால்வர்."

என்றும் உன் நலம் நாடும்
உன் அம்மா,
வெர்னா