காந்தம் குறைந்த காரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். தையல் மிஷினை மிதித்து மிதித்து வந்த முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

போன வாரம் ஒரு கூத்து. ஆய்வுக்காக நான் செய்த காந்தத் தகட்டைக் கடுங்குளிரிலிருந்து கொஞ்சம் சூடாக்கினால், அதன் காந்த சக்தி நினைத்ததைவிட வேகமாகக் குறைந்தது. "கெட்டுப்போச்சு, தூக்கிப் போடும்மா" என்றார் பேராசிரியர். ஆறு மாத உழைப்பு! மனசு கேட்காமல் மூன்று முறை அளந்தேன், அதே எண்கள்தான்.

காந்தத்தில் அணுக்கள் எல்லாம், நீங்கள் குத்திவைக்கும் குண்டூசிகள் போல ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சூடு பட்டால் ஒன்று சாய, பக்கத்தில் இருப்பதும் சாய, அந்தச் சாய்வு அலையாக ஓடும். அலை கூடினால் காந்த சக்தி குறையும். என் தகடு ரொம்ப மெல்லிசு. அதனால் அலை சுலபமாக எழுகிறது. கணக்குப் போட்டேன், அளந்த எண்களோடு அச்சாகப் பொருந்தியது.

"தகடு நல்லாத்தான் இருக்கு, நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன்" என்று எல்லார் முன்னாலும் பேராசிரியர் சொன்னார். ஒரே கைதட்டல்!

அப்பா, எனக்கு ஒரு நீலச் சட்டை தைத்து அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் நீங்களே தையுங்கள். கூடவே நாலு வரி எழுதிவையுங்கள். ஃபோனில் பேசினால் சட்டென்று முடிந்துவிடுகிறது.

ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி